தவிசு யாருக்கு? தவிசு எதற்கு?

(ஹெந்தளையில் உள்ளூராட்சி குறித்து நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இக்கூட்டத்துக்கு நான் வந்துகொண்டிருந்தபொழுது பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "தம்பி, இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்?" என்று கேட்டார். "பிரதேச சபையின் தவிசாளர் பதவியைப் பற்றி, ஐயா" என்றேன். அவர் சிரித்தார். "அதுதான் முடிந்துபோன விஷயமாயிற்றே! தேர்தல் நடந்தது, சபை கூடியது, ஆள் கதிரையில் இருந்தாயிற்று. இனி அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்றார்.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆயினும் ஆளைத் தேடும் ஆரவாரம் அடங்கிய பின்னர்தான் பதவியைப் பற்றி நிதானமாகச் சிந்திக்க இயலும் என்பது என் எண்ணம். தேர்தல் காலத்தில், "கதிரையில் இருப்பவர் எந்தக் கட்சி? எந்த இனம்? எந்தச் சமயம்? எந்த ஊர்?" என்று நாம் நூறு கேள்விகள் கேட்டோம். "அந்தக் கதிரை எதற்காகப் போடப்பட்டது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறந்தோம். அந்த ஒன்றைக் கேட்கவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். ஒரு பதவிக்குத் தமிழில் நாம் எத்தனை பெயர்கள் சூட்டியிருக்கிறோம்! நம் பாட்டன்மார் 'அக்கிராசனர்' என்றனர். பிறகு 'தலைவர்' என்றோம். இன்று சட்டத்தமிழில் 'தவிசாளர்' என்கிறோம். மாநகர சபையானால் 'மேயர்' என்கிறோம், 'முதல்வர்' என்கிறோம், மேடையில் உணர்ச்சி மிகுந்துவிட்டால் 'நகரபிதா' என்கிறோம். 2018ஆம் ஆண்டு திருமதி ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயராகத் தெரிவானபொழுது, அந்தப் பிதாவை என்ன செய்வதென்று நம் பத்திரிகைக்காரர் தலையைச் சொறிந்திருப்பார்கள்! வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். 'அக்கிராசனர்' என்றால் முதல் ஆசனத்தில் இருப்பவர். 'தவிசாளர்' என்றால் தவிசை ஆள்பவர். இரு சொற்களும் சபைக்குள் அவர் அமரும் இடத்தைச் சொல்கின்றன. சபை கலைந்த பின் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி இரண்டும் மூச்சு விடவில்லை. ஆனால் நமது நாட்டிலே அவருடைய அதிகாரம் முழுவதும் சபை கலைந்த பின்னர்தான் தொடங்குகிறது! பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த வேர் எப்பொழுது ஊன்றப்பட்டது? நம் பக்கத்து நகரத்தின் கதையைக் கேளுங்கள். 1865ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் கொழும்பு மாநகர சபை பிறந்தது. 1866 ஜனவரியில் முதன்முதல் கூடியது. அதன் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் யார்? மேல் மாகாண அரசாங்க அதிபர் சி. பி. லேயார்ட். நம்மவர் மொழியில் சொன்னால் ஏஜண்டுத் துரை. வரி விதிக்கும் கூட்டத்துக்குத் துரையே தலைமை. அந்த வரியை அறவிடுவதிலும் துரையே தலைமை. ஓர் உறுப்பினர் எழுந்து, "இந்த வீதி ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவரும் துரை, "உமது நேரம் முடிந்தது, உட்காரும்" என்று சொல்லக்கூடியவரும் துரை. வழக்கில் பிரதிவாதியே நீதிபதியாகவும் அமர்ந்திருந்த விந்தை அது. அந்நிய ஆட்சிக்கு அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. எழுபது ஆண்டுகள் அரசாங்க உத்தியோகத்தர்களின் கீழேயே கொழும்பு நகரம் நடந்தது.

1937இல் மாறுதல் வந்தது. சபையினரே தம்முள் ஒருவரை மேயராகத் தெரிவு செய்யும் உரிமை கிடைத்தது. அவ்வுரிமையைக் கொண்டு அவர்கள் முதன்முதலில் தெரிவு செய்தது யாரை? டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவை! கொழும்பின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயர் ஒரு தமிழர் என்ற செய்தி இங்கிருக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, நான் அறியேன். களனி ஆற்றுக்கு அப்பால், கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத்தான் அவருடைய அரசியற் களம். 1931இல் அரசாங்க சபைக்கு அத்தொகுதியில் வென்றார். தேர்தல் மனுவினால் ஆசனம் இழந்தார். 1932இல் அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து அதே தொகுதியில் நின்று வென்றார். அரசாங்க சபையில் அமர்ந்த இரண்டாவது பெண்மணி என்ற பெயரும் பெற்றார்.

இதை நான் இனப்பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை பேசினால் கைதட்டல் கிடைக்கும், வடிகால் கிடைக்காது. நான் சுட்ட விரும்புவது வேறு. அன்றைய கொழும்புச் சபையில் தமிழர் பெரும்பான்மையினர் அல்லர். சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஐரோப்பியரும் கலந்திருந்த சபை அது. தமிழர் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒரு சரவணமுத்து அந்த ஆசனத்தை எட்டியிருக்க முடியாது. சபை முழுவதற்கும் பொதுவாக நடப்பார் என்று மற்றவர்கள் நம்பியதனால் அமர்ந்தார். டாக்டர் குமாரன் இரத்தினமும் டி. உருத்திராவும் பின்னர் அதே ஆசனத்தில் அமர்ந்ததும் இவ்வகையிலேதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். துரை போனார். துரைக்காகச் செய்த கதிரை போகவில்லை! தலைமை தாங்குவதும் நிருவாகம் செய்வதும் ஒருவர் கையிலேயே இருக்கும் அந்தப் பழைய அமைப்பு, சட்டத்துக்குச் சட்டம் தாவி நமது நாள்வரை வந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கூட்டங்களுக்குத் தலைமை தாங்குபவர் தவிசாளர். நிறைவேற்று அதிகாரியும் தவிசாளர். வாக்குகள் இரு பக்கமும் சமமாக நின்றால் தீர்மானிக்கும் வாக்கும் தவிசாளருடையது.

"அப்படியானால் இரண்டையும் பிரித்துவிடலாமே" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். பிரித்துப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைப் பட்டினம். அங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வோம்.

சென்னை மாநகராட்சி மிகப் பழையது. 1687இல் சாசனம் பெற்று 1688இல் தொடங்கப்பட்டது. ஆனால் நமக்கு வேண்டிய செய்தி 1919ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கிறது. நிருவாக அதிகாரத்தை அச்சட்டம் அரசாங்கம் நியமிக்கும் ஆணையாளரிடம் வைத்தது. மன்றத்துக்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை மன்றம் தெரிவு செய்யும் ஒருவரிடம் வைத்தது. 1933இல் அப்பதவிக்கு மேயர் என்ற பெயர் வந்தது. குமாரராஜா முத்தையா செட்டியார் முதல்வராக அமர்ந்தார். செவ்வங்கி, தங்கச் சங்கிலி, செங்கோல், கார், வரவேற்பு, மாலை! வெளிநாட்டு விருந்தினர் வந்தால் முதல் வணக்கம் அவருக்கே. கோயிலில் உற்சவமூர்த்தியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரமும் வீதியுலாவும் உற்சவமூர்த்திக்கு; மூலவரோ கருவறையைவிட்டு அசைவதில்லை. ஆணையாளர்தான் அங்கே மூலவர்.

இந்த ஏற்பாட்டினால் நன்மை இல்லாமற் போகவில்லை. அதிகாரம் குறைந்த பதவியாதலால் அதைப் பகிர்ந்துகொள்ளும் மனமும் வந்தது. ஆண்டுதோறும் மேயர் மாறினார். ஒவ்வொரு சமூகத்துக்கும் முறை வைத்து அந்தப் பெருமையை அளிக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கொழும்பில் சரவணமுத்து அமர்ந்த அதே 1937இல், சென்னையில் தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து ஜே. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். தெருவில் ஒதுங்கி நட என்று சொல்லப்பட்ட ஒரு சமுதாயத்தின் மகனுக்கு நகரமே எழுந்து நின்று வணக்கம் செலுத்திய காட்சியை எண்ணிப் பாருங்கள். அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1939இல் சத்தியமூர்த்தி சென்னை மேயரானார். நகரம் குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்த காலம். கையெழுத்திட்டு ஒரு குழாயைப் பதிக்கும் நிருவாக அதிகாரம் அந்த மேயருக்கு இல்லை. அவர் காங்கிரஸ்காரர், ஆளுநரோ வெள்ளையர், ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. பணமில்லை, காலமில்லை என்று சாக்குச் சொல்ல இதைவிட வசதியான சூழ்நிலை வேண்டுமா? அவர் சாக்குச் சொல்லவில்லை. வாதாடினார், விடாமல் வற்புறுத்தினார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க 1940 ஆகஸ்ட் 8ஆம் நாள் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 1944இல் வேலை முடிந்தது. அதைக் காணச் சத்தியமூர்த்தி உயிரோடில்லை, 1943இலேயே மறைந்துவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று அந்த ஏரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதிகாரமற்ற ஆசனத்தில் அமர்ந்தவருக்கும் ஒரு பலம் உண்டு, தோழர்களே! நகரம் முழுவதன் சார்பாகவும் பேசும் தகுதி அந்த ஒருவருக்கே உண்டு. சத்தியமூர்த்தி கையாண்ட ஆயுதம் அது ஒன்றுதான்.

இவ்வளவும் கேட்டபின், "ஆகா, சென்னை முறையே சிறந்தது" என்று எழுந்துவிடாதீர்கள். கதையின் மறுபாதி இருக்கிறது. 1973இல் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி எப்பொழுது தேர்தல் நடந்தது தெரியுமா? 1996இல்! இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு மாநகரம் தெரிவு செய்யப்பட்ட மன்றமின்றி, மேயரின்றிக் கிடந்தது. அலங்காரத்துக்கு வைத்த கதிரையை அறையிலிருந்து எடுத்துவிட்டாலும் அலுவலகம் வழக்கம்போல் நடக்கும். ஆணையாளர் இருந்தார், அதிகாரிகள் இருந்தார்கள், கோப்புகள் நகர்ந்தன. உற்சவமூர்த்தி இல்லாமலே திருவிழாக்கள் நடந்தன. அதிகாரத்தை முழுவதும் கழித்துவிட்ட ஆசனத்தின் கதி இதுதான். 2022இல் ஆர். பிரியா என்ற இளம்பெண் அந்த ஆசனத்தில் அமர்ந்தபொழுது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் நிருவாக ஆணை இன்றும் ஆணையாளரிடமே.

இங்கிலாந்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அங்கே பெரும்பாலான நகர மன்றங்களில் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், விழாக்களுக்குப் போவார்; நிருவாகக் கொள்கையை வகுப்பவர் 'லீடர்' எனப்படும் வேறொருவர். இலண்டனில் இரண்டு மேயர்கள் இருக்கிறார்கள்: பழைய நகரத்துக்கு மரபுவழிப் பிரபு மேயர், பெருநகர் முழுவதற்கும் 2000ஆம் ஆண்டு முதல் மக்கள் நேரே வாக்களித்துத் தெரிவு செய்யும் மேயர். அந்நாட்டு ஊர் ஒன்றில் நம்மவர் ஒருவர் மேயரானால் நமது பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டு ஆனந்தக் கூத்தாடுகின்றன. மகிழ்ச்சிதான்! ஆனால் தெருவிளக்கு ஒன்றைப் பூட்டுமாறு தாமாக உத்தரவிடும் அதிகாரம் அவர்களில் பலருக்கு இல்லை என்பதை யாரும் எழுதுவதில்லை.

சரி, நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

நமது நாட்டில் தவிசாளர் தெரிவு எப்படி நடக்கிறது? ஒரு கட்சிக்குச் சபையில் அரைவாசியோ அதற்கு மேலோ கிடைத்துவிட்டால் கட்சி சொல்லும் ஆள் அமர்கிறார். கிடைக்காவிட்டால் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும். 2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலில் நாட்டின் பல சபைகளில் எவருக்கும் அரைவாசி கிடைக்கவில்லை. கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர். முதலிடம் பெற்ற கட்சிக்கு 48 பேர். ஜூன் 16ஆம் நாள் சபை கூடியபொழுது முதற் சச்சரவு எதைப் பற்றி எழுந்தது? நகரத்தின் குப்பையைப் பற்றியா, வெள்ளத்தைப் பற்றியா? வாக்கெடுப்பு இரகசியமா, பகிரங்கமா என்பதைப் பற்றி! இரகசியமாகவே நடந்தது, 61 வாக்குகள் பெற்று விராய் கெலி பல்தசார் மேயரானார், எதிர்த்தவருக்கு 54, இரண்டு வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வேறு சில சபைகளில் வாக்குகள் சமமாகித் திருவுளச்சீட்டே தவிசாளரைத் தெரிவு செய்தது.

2006ஆம் ஆண்டின் கதையையும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பில் ஒரு பெருங்கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கட்சி தன் ஆதரவாளர்களை மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்கச் சொன்னது. அக்குழு வென்றுவிட்டது! முச்சக்கர வண்டி ஓட்டி வாழ்ந்த உவைஸ் முகம்மது இம்தியாஸ் கொழும்பின் மேயரானார். நாடு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உழைத்துண்ணும் ஒரு மனிதன் நகரத்தின் தலைவனாவதில் நகைப்புக்கு என்ன இருக்கிறது? அவருடைய தொழிலைப் பார்த்துச் சிரித்தவர்கள், அப்பதவிக்கு வேண்டிய தகுதி இன்னது என்று ஒருநாளாவது எழுதி வைத்திருந்தார்களா?

வடக்கே பாருங்கள். யாழ்ப்பாண மாநகர சபை 1949இல் தோன்றியது. 2020 டிசம்பரில் அங்கே மேயரின் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்கடிக்கப்பட்டது. சட்டப்படி அவர் பதவி போயிற்று. அடுத்தவர் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வந்தார். அது சனநாயகத்தின் விளையாட்டு. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் அதே ஆசனத்தின் பழைய கதையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1975 ஜூலை 27ஆம் நாள் மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 மே 17ஆம் நாள் மேயர் சரோஜினி யோகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அமர்ந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டம்பரில் குண்டுவெடிப்பில் பலியானார். குடிநீரும் வடிகாலும் சந்தையும் பார்க்க வேண்டிய ஒரு கதிரை! அது ஓர் இனத்தின் முடிசூட்டு மேடையாக, மறுபக்கத்தார் கண்ணில் துரோகத்தின் மேடையாக எண்ணப்பட்டதனால் அதில் அமர்ந்தவர்கள் உயிரைக் கொடுக்க நேர்ந்தது. பதவியின் எல்லை இன்னது என்று மக்கள் மனத்தில் தெளிவாக இல்லாவிட்டால், அவரவர் தத்தம் கனவையும் கோபத்தையும் அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

இனி ஹெந்தளைக்கு வருகிறேன். இது ஹமில்டன் கால்வாய் ஓடும் ஊர். ஒல்லாந்தர் 1708இல் நிறுவிய தொழுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர். சிங்களக் கத்தோலிக்கரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் ஊர். இவ்வூரில் எவருடைய வீட்டு வாசலில் தேங்கும் நீருக்கும் இனம் கிடையாது. வத்தளைப் பிரதேச சபையில் தமிழ் உறுப்பினர் எத்தனை பேர் வந்தாலும் பெரும்பான்மையாக வரப்போவதில்லை. இதை ஒளித்துப் பேசுவதில் பயனில்லை. ஆகவே "நம்மவர் தவிசாளராக வேண்டும்" என்று மட்டும் கோரிக்கை வைத்துக்கொண்டிருந்தால், பத்துத் தேர்தல்களில் ஒன்றில் அது நிறைவேறலாம். மற்ற ஒன்பதிலும் நாம் கைகட்டி நிற்போம். "தவிசில் எவர் அமர்ந்தாலும் இந்த இந்த முறைப்படி நடக்க வேண்டும்" என்று கேட்டு வாங்கினால், பத்திலும் அது நமக்குப் பயன்படும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், நான் குடியிருந்த பகுதியில் ஒழுங்கை வடிகால் அடைத்துக்கொண்டது. பதினேழு வீட்டார் கையெழுத்திட்டுத் தமிழில் ஒரு மனு எழுதினோம். எந்தச் சபை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து நேரில் போனேன். மனு ஓர் அலுமாரியின்மேல் இருந்தது. "இதை வாசிக்க இங்கே ஆளில்லை, சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் எழுதுவினைஞர். கோபமாகச் சொல்லவில்லை, பரிவோடுதான் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதற்குப்பின் அடுத்த கூட்டத்தில் நம் வட்டாரத்து உறுப்பினர் இதை எழுப்ப முயன்றாராம். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைமையாசனம் நிறுத்திவிட்டதாம். நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டியது யார்? அதே தலைமையாசனம்! அடைப்பு நீங்கவில்லை, மழை வந்தது, என் அயலவர் ஒருவர் வீட்டு அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகங்களும் நனைந்தன. துரை காலத்துக் கதிரையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு நேரம் பேசினேன் என்பது இப்பொழுது விளங்குகிறதா?

இன்னொன்று. 2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜூன் மாதம் வரை, ஈராண்டுக்கு மேல், இச்சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். அந்நாட்களில் குப்பை வண்டி வந்தது, வரிப்பணம் அறவிடப்பட்டது, கட்டட அனுமதி வழங்கப்பட்டது. நிருவாகம் என்ற கை அசைந்துகொண்டே இருந்தது. நாம் இழந்தது எதை? எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு சபையையும், அக்கேள்வியை அனுமதிக்க ஒரு தலைமையையும் இழந்தோம். நிருவாகத்தை எவரைக் கொண்டும் நடத்திவிடலாம் என்று அந்த ஈராண்டு காட்டிவிட்டது. மக்கள் பிரதிநிதி ஒருவர் தலைமை தாங்கும் சபைக்கு மட்டும் மாற்றாள் வைக்க முடியவில்லை. எனவே தவிசாளரின் இரு கடமைகளிலே, நாம் சில்லறையென்று எண்ணி ஒதுக்கிய கடமை, கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கடமை, அதுவே பெரியது என்று நான் துணிந்து சொல்வேன்.

நிருவாகத்தை அவரிடமிருந்து பறித்துச் சென்னையைப்போல் அதிகாரியிடம் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். மக்கள் தெரிவு செய்தவர் கையில் அதிகாரம் இருக்கட்டும். ஆனால் தவிசில் அமரும்பொழுது அவர் கட்சிக்காரராக அமரக்கூடாது. இதற்குச் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சபை தனக்குத்தானே ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நல்ல மரபாகவாவது தொடங்கலாம்.

முதலில் மொழி. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை உள்ளூராட்சி சபை உறுப்பினர் தம் கடமையைச் சிங்களம், தமிழ் ஆகிய இரு தேசிய மொழிகளில் எதிலும் ஆற்றலாம் என்கிறது. 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் தமிழில் அரசாங்க அலுவலரோடு கருமமாற்றலாம் என்கிறது. ஏட்டில் இருக்கிறது! நிகழ்ச்சி நிரலும் கூட்ட அறிக்கையும் தமிழிலும் வர வேண்டும். தமிழில் பேசும் உறுப்பினரின் பேச்சு மற்றவர்க்கு விளங்க ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். இதைச் செய்விக்க வேண்டியவர் தவிசாளர். தவிசின் மானம் இதில் இருக்கிறது. மாலையிலும் பொன்னாடையிலும் இல்லை.

அடுத்து நேரம். எதிரணி உறுப்பினர் எழுப்பும் விஷயத்துக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பங்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். கடந்த கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு என்ன ஆயிற்று என்று தவிசாளர் தாமே எழுந்து சொல்ல வேண்டும். தம் நிருவாகத்தைப் பற்றிய முறைப்பாட்டைத் தாமே நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பிறகு குழுக்கள். நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் என்று குழுக்களை அமைக்கப் பிரதேச சபைச் சட்டம் இடம் தருகிறது. உறுப்பினரல்லாத ஊர்மக்களையும் அக்குழுக்களில் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனை காலமும் இதை நாம் கேட்டோமா? இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். தாய்மார்களே, ஒழுங்கையில் எந்த மூலையில் நீர் தேங்கும் என்பது எந்தப் பொறியியலாளரையும்விட உங்களுக்குத் தெரியும். விண்ணப்பியுங்கள்!

"உப தவிசாளர் பதவியையாவது நமக்குக் கேட்கலாமே" என்று ஒரு நண்பர் காதில் சொன்னார். கேட்கலாம். கலியாண வீட்டில் இரண்டாம் பந்தியும் சாப்பாடுதான். ஆனால் அந்தப் பதவிக்கு ஈடாக மேலே சொன்னவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பேரம் பேசும்பொழுது பதவி கண்ணுக்குத் தெரியும். கூட்ட அறிக்கையின் தமிழ்ப் பிரதி கண்ணுக்குத் தெரியாது. நமது தலைவர்கள் கண்ணுக்குத் தெரிவதையே வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இவற்றை எழுதி, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு மனுவாக ஆயத்தம் செய்திருக்கிறோம். இதில் நம் சிங்கள அயலவர்களும் கையெழுத்திட வேண்டும் என்பது என் ஆசை. ஏனெனில் நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைக்காமல் திரும்பிய மனுக்களில் அவர்களுடையனவும் உண்டு. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மனு எந்த அலுமாரியின்மேல் இருக்கிறது என்று கேட்டு எழுதுவோம்.

மனுவின் பிரதிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன, பேனையும் இருக்கிறது. கையெழுத்திடும்பொழுது வீட்டிலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம். தாள் உங்களிடம் வரும்.